வெளியூர் வானொலியும் உள்ளூர் வியாபாரியும்

ஹப்புத்தளையில் ஹாட்வெயார் கடை நடத்தும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "நானா, நாடு பூரா கேட்கிற ஒரு ரேடியோவில காசு கட்டி விளம்பரம் போட்டேன். யாழ்ப்பாணத்தில இருந்து ஒருத்தர் போன் எடுத்து சீமெந்து விலை கேட்டார். புத்தளத்தில இருந்து ஒருத்தர் எடுத்தார். பக்கத்தில இருக்கிற தியத்தலாவையில இருந்து ஒருத்தரும் எடுக்கல்ல. இது என்ன வியாபாரம்?" என்றார்.

கேள்வி நியாயமானது. இதற்கு விடை காண வேண்டுமானால் வானொலி என்ற தொழில் எப்படி ஓடுகிறது என்பதை நாம் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். நிலையம் எங்கே இருக்கிறது, யாருக்காகப் பேசுகிறது, நமது காதுக்கு எந்த வழியாக வருகிறது என்ற மூன்றும் தெரிந்தால்தான் நமது பணம் எங்கே போகிறது என்பதும் தெரியும்.

வானொலியும் ஒரு கடைதான்

நமது கடைத்தெருக்களில் எல்லாச் சாமான்களும் விற்கும் கடையும் உண்டு, ஒரே சாமானை மட்டும் விற்கும் கடையும் உண்டு. பழைய காலத்து வானொலி பலசரக்குக் கடையைப் போன்றது. காலையில் செய்தி, பிறகு பாட்டு, மத்தியானம் மாதர் நிகழ்ச்சி, மாலையில் சிறுவர் நிகழ்ச்சி, இரவில் நாடகம் என்று வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஏதாவது ஒன்று அதில் இருந்தது.

அமெரிக்காவில் தொலைக்காட்சி வந்து குடும்பத்தை வானொலிப் பெட்டிக்கு முன்னாலிருந்து எழுப்பிக்கொண்டு போன பிறகு, வானொலிக்காரர்கள் வழியை மாற்றினார்கள். ஒரு நிலையம், ஒரே வகை நிகழ்ச்சி, ஒரே வகை நேயர் என்று ஆக்கினார்கள். இதைத்தான் அந்தத் தொழிலில் 'போர்மட்' என்கிறார்கள். ஒரு நிலையம் நாள் முழுதும் செய்தி. இன்னொன்று நாள் முழுதும் விளையாட்டுப் பேச்சு. இன்னொன்று ரொக் இசை மட்டும்.

'ரொக் இசைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்' என்று வாசகர்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. இசையை விடுங்கள், அதில் இருக்கும் வியாபாரத்தைப் பாருங்கள். ரொக் என்ற ஒரே சாமானை அவர்கள் எத்தனை தட்டில் பிரித்து வைத்தார்கள் தெரியுமா? 1980களின் நடுப்பகுதியில் பிரெட் ஜேகப்ஸ் என்ற ஆலோசகர், பழைய ரொக் பாடல்களை மட்டும் ஒலிபரப்பும் 'கிளாசிக் ரொக்' என்ற போர்மட்டை மிச்சிகன் மாநிலத்தின் சிறிய நிலையமொன்றில் நிலைநிறுத்தினார். புதுப் பாட்டு ஒன்றும் இல்லை, எல்லாம் பழசு. கேட்பவனுக்குத் தனது வாலிபப் பருவம் திரும்பக் கிடைத்தது. அப்படிக் கேட்பவன் சம்பாதிக்கிற வயதில், வீடும் வாகனமும் வாங்குகிற வயதில் இருந்தான். ஆகவே வாகன விற்பனையாளரும் வங்கிக்காரரும் விளம்பரத்தோடு அங்கே வந்தார்கள். இளைஞர்களுக்கு 'ஓல்டர்நேட்டிவ்' என்று வேறு நிலையம். கடும் ரொக் விரும்புபவர்களுக்கு மற்றொன்று.

நிலையத்தில் ஒலித்தது பாட்டு என்றாலும், விளம்பரதாரருக்கு அவர்கள் விற்றது கேட்பவனின் வயதையும் அவன் பையில் உள்ள பணத்தையும்தான். இது நமது தொழிலுக்கும் பொருந்தும் பாடம்.

நமது நாட்டிலும் 1990களில் தனியார் எப்.எம். நிலையங்கள் வந்தபோது இந்த முறை வந்தது. ஆங்கில நிலையங்களில் டி.என்.எல். வானொலி ரொக் இசையைத் தனது அடையாளமாக்கி 'டி.என்.எல். ரொக்ஸ்' என்றே பெயர் வாங்கியது. தமிழில் 1998ஆம் ஆண்டு சூரியன் எப்.எம்., சக்தி எப்.எம். இரண்டும் தொடங்கின. இவை பெரும்பாலும் சினிமாப் பாட்டும் உரையாடலும் கலந்த ஒரே போர்மட். ஆங்கிலம் கேட்பவர் தொகை சிறிது, ஆனால் அவருக்கு வெவ்வேறு தட்டு. தமிழ் கேட்பவர் தொகை பெரிது, அவருக்கு ஏறக்குறைய ஒரே தட்டு. வியாபாரி என்ற முறையில் இந்த வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும்.

அடுத்த ஊர் நிலையத்தை அஞ்சல் செய்வது

இனி இரண்டாவது விடயத்துக்கு வருவோம். 2002ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்க அரசு 'எச்.டி. ரேடியோ' என்ற டிஜிட்டல் முறைக்கு அனுமதி கொடுத்தது. இதன் விசேஷம் என்னவென்றால், ஒரு எப்.எம். நிலையம் தனது பழைய அலைவரிசையை விடாமலே அதன் இரு ஓரங்களிலும் டிஜிட்டல் ஒலியை ஏற்றலாம். அந்த டிஜிட்டல் இடத்தில் ஒன்றல்ல, இரண்டு மூன்று நிகழ்ச்சி வரிசைகளை வைக்கலாம். எச்.டி.-1 வழமையான நிலையம். எச்.டி.-2, எச்.டி.-3 என்பவை மேலதிகம். ஒரு கடைக்கு வாடகை கட்டியவனுக்குப் பின்பக்கம் இரண்டு அறைகள் சும்மா கிடைத்தது போல.

அறை கிடைத்தது, சாமான் எங்கே? புதிதாக ஒரு நிலையம் நடத்துவதென்றால் அறிவிப்பாளர் வேண்டும், சம்பளம் வேண்டும். பல நகரங்களில் நிலையம் வைத்திருந்த பெரிய நிறுவனங்கள் சுலபமான வழி ஒன்றைக் கண்டன. ஒரு நகரத்தில் பேர் வாங்கிய தமது நிலையத்தை அப்படியே இன்னொரு நகரத்தின் எச்.டி.-2இல் அஞ்சல் செய்தன. கலிபோர்னியாவில் பேசுபவன் பல ஆயிரம் கிலோமீற்றர் தள்ளியிருக்கும் நகரத்தின் காருக்குள் கேட்டான். மேலதிகச் சம்பளம் ஒரு சதமும் இல்லை.

பொஸ்டன் நகரத்தில் நடந்ததைச் சொன்னால் இன்னும் விளங்கும். அங்கே டபிள்யூ.பி.சி.என். என்ற நிலையம் 1968 முதல் ரொக் இசைக்குப் பேர் போனது. 2009 ஆகஸ்டில் அதன் உரிமையாளரான சி.பி.எஸ். நிறுவனம் அதை எப்.எம். அலைவரிசையிலிருந்து எடுத்துவிட்டது. அந்த நேரத்தில் விளையாட்டுப் பேச்சு நிலையமொன்று புதிதாகத் தொடங்கப்பட்டது. நாற்பது வருடப் பேர் வாங்கிய ரொக் நிலையம் எச்.டி.-2க்கும் இணையத்துக்கும் அனுப்பப்பட்டது. முன்கடையை வருமானம் கூடிய சாமானுக்குக் கொடுத்து, பழைய சாமானைப் பின்னறைக்கு அனுப்பினார்கள் என்று சொல்லலாம். எச்.டி. பெட்டி இருப்பவன் பின்னறைக்குப் போவான். இல்லாதவனுக்கு அது மூடிய கடை.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெளியூர் நிலையத்தை அஞ்சல் செய்தால் செலவு குறைவு. ஆனால் அந்த ஊர்க் கடைக்காரனுக்கு அதில் விளம்பரம் போட்டுப் பயனில்லை, ஏனென்றால் பேசுபவனுக்கு அந்த ஊரே தெரியாது. எங்கே வீதி மூடியிருக்கிறது, எங்கே சந்தை கூடுகிறது என்று அவன் சொல்லப்போவதில்லை. இதனால்தான் பல நிலையங்கள் பிற்காலத்தில் எச்.டி.-2இல் அடுத்த ஊர் நிலையத்தை வைப்பதை விட்டு, அதை உள்ளூர்க்காரர்களுக்கும் சிறுபான்மை மொழிச் சமூகங்களுக்கும் வாடகைக்குக் கொடுத்தன. சிறிய சக்தியுள்ள எப்.எம். அஞ்சல் கருவி மூலம் அதைச் சாதாரண வானொலியிலும் கேட்கச் செய்தன. அதன் பிறகே அந்தப் பின்னறையில் பணம் புரண்டது.

கொழும்பே ஒரு காலத்தில் வெளியூர் நிலையம்

இந்த 'வெளியூர் நிலையம்' விவகாரத்தில் நமது நாடும் முன்னோடிகளில் ஒன்று என்பதை இளைய வியாபாரிகள் பலர் அறியமாட்டார்கள். கொழும்பில் வானொலி 1925 டிசம்பரில் தொடங்கியது. 1950இல் இலங்கை வானொலி வர்த்தக சேவையை ஆரம்பித்தது. 1952இல் இந்திய அமைச்சர் பி.வி. கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடமில்லாமல் போனது. அங்கே ஒரு கடை மூடியதும் இங்கே வாடிக்கையாளர் குவிந்தார்கள். அதே ஆண்டில் பினாகா பற்பசையின் அனுசரணையோடு அமீன் சயானி நடத்திய 'பினாகா கீத்மாலா' இலங்கை வானொலியில் தொடங்கியது. நிகழ்ச்சி பம்பாயில் ஒலிப்பதிவாகும், ஒலிநாடா கொழும்புக்கு வரும், கொழும்பிலிருந்து சிற்றலையில் இந்தியா முழுவதும் கேட்கும். பம்பாய்க் கம்பனி பம்பாய் நேயருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லக் கொழும்புக்குக் காசு கட்டியது!

தமிழ்ப் பக்கமும் அப்படித்தான். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, நமது பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்களைத் தமிழகத்துக் கடைத்தெருக்கள் அறிந்திருந்தன. இந்தியா 1957இல் 'விவித் பாரதி'யைத் தொடங்கியதே இந்தப் போட்டிக்குப் பதிலாகத்தான். 2003இல் சென்னையில் தனியார் எப்.எம். வந்த பிறகு தமிழக நேயருக்கு உள்ளூர் நிலையமே போதுமானதாக இருந்தது. வெளியூர் நிலையம் வாழ்வது உள்ளூரில் இடைவெளி இருக்கும் வரைதான்.

2004 டிசம்பரில் இந்தியத் தூரதர்ஷன் இலவச செய்மதிச் சேவையைத் தொடங்கியபோது அதில் அகில இந்திய வானொலியின் சேவைகளும் சேர்ந்து வந்தன. லயன் அறைகளின் கூரையில் டிஷ் அன்டெனா முளைத்த காலத்திலிருந்து, ஒரு காலத்தில் இங்கிருந்து அங்கே போன பாட்டு அங்கிருந்து இங்கே வரத் தொடங்கியது.

பெரகல சந்தியில் கேட்பது

நான் இருப்பது பெரகலயில். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, ஹல்துமுல்லை வழியாக ஏறி வரும் ஏ-4 பாதை இங்கே பிரிகிறது. நேரே இறங்கினால் கொஸ்லந்தை, வெல்லவாய, மொனராகலை. இடப்பக்கம் ஏறினால் ஏ-16 பாதையில் ஹப்புத்தளை, பண்டாரவளை, ஹாலிஎல, அதற்கப்பால் பதுளை. எப்.எம். அலை மலையைத் துளைக்காது, வளைவில் திரும்பாது, பார்வை போகிற தூரத்துக்கே போகும். ஆகவே நாடு முழுவதும் கேட்க விரும்பும் நிலையங்கள் உயரமான மலைகளில் அஞ்சல் கோபுரங்களை வைத்து, பகுதிக்குப் பகுதி வேறு இலக்க அலைவரிசையில் ஒரே நிகழ்ச்சியை ஒலிபரப்புகின்றன. லொறிச் சாரதிகளைக் கேளுங்கள், ஒரே பாட்டுக்காக எத்தனை தடவை பொத்தானைத் திருகுகிறார்கள் என்று சொல்வார்கள்.

அமெரிக்கக்காரன் எச்.டி.-2இல் செய்ததை நாம் சாதாரண எப்.எம்.இலேயே செய்துகொண்டிருக்கிறோம். பெரகலயில் கேட்கும் தமிழ் நிலையங்கள் நமக்கு வெளியூர் நிலையங்கள்தான். கலையகம் கொழும்பில், விளம்பரப் பிரிவு கொழும்பில், விலைப்பட்டியலும் கொழும்பின் கணக்கில். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. நாடு தழுவிய பிஸ்கட் கம்பனிக்கும் தொலைபேசிக் கம்பனிக்கும் அது பொருத்தமான கடை. நமது ஹப்புத்தளை நண்பருக்குப் பொருந்துமா?

கணக்கைப் பாருங்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் சனத்தொகை 2 கோடி 3 இலட்சத்துக்கு மேல். பதுளை மாவட்டத்தில் 8 இலட்சத்து 15 ஆயிரம். அதாவது நூறு பேரில் நால்வர். நாடு பூராவும் கேட்கும் விளம்பரத்துக்கு நண்பர் 100 ரூபா கட்டினால் அதில் சுமார் 4 ரூபாதான் தன் மாவட்டத்து மக்களுக்குப் போகிறது. பதுளை மாவட்டமும் பெரிது. மகியங்கனையிலிருந்து ஒருவர் ஆணி வாங்க ஹப்புத்தளைக்கு வரமாட்டார். தமிழ் நேயர் என்று மட்டும் பார்த்தால் மலையகத்தின் பங்கு கூடும், மறுக்கவில்லை. ஆனாலும் பெரும்பகுதி பணம் கடைக்கு வராதவன் காதுக்கே போகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த போனுக்கு விளக்கம் இதுதான்.

மழை நாளில்

இதை விளம்பரக் கணக்கோடு முடித்துவிட முடியாது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்கள் புதைந்ததை நமது பகுதியில் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளால் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. பாதைகள் மூடின, மின்சாரம் நின்றது, தொலைபேசிக் கோபுரங்களின் மின்கலம் தீர்ந்ததும் கையில் இருந்த போன் வெறும் கண்ணாடித் துண்டானது. அந்த நேரத்தில் இரண்டு பற்றரி போட்ட ஒரு சிறிய ரேடியோ பேசும்.

ஆனால் அது என்ன பேசும் என்பதுதான் கேள்வி. வெலிமடையிலும் பண்டாரவளையிலும் மரக்கறி ஏற்றிய லொறி பேலியகொடைக்குப் போக வேண்டும். பெரகலைக்கும் ஹல்துமுல்லைக்கும் இடையில் பாதை திறந்திருக்கிறதா, எந்தத் தோட்டத்தில் எந்தப் பிரிவினர் வெளியேற வேண்டும் என்பதை நாடு முழுவதற்கும் பேசும் நிலையம் ஒரு வரியில்தான் சொல்ல முடியும். அதற்கு இருபத்தைந்து மாவட்டங்கள். இங்குள்ளவருக்குத் தெரிய வேண்டியது மாவட்டத்தின் பெயரல்ல, தோட்டத்தின் பெயர், பாலத்தின் பெயர், அதுவும் அவர் பேசும் மொழியில்.

பிராந்திய வானொலி நமக்குப் புதிய விடயமல்ல. மகாவலி சமூக வானொலி 1981இல் யுனெஸ்கோ, டென்மார்க் ஆகியவற்றின் உதவியோடு தொடங்கியது. அதன் தொடர்ச்சியாக 1980களில் நமது மாவட்டத்தின் கிராந்துருகோட்டையிலேயே சிறு நிலையம் இயங்கியது. 1989இல் கொத்மலை சமூக வானொலி வந்தது. 1999இல் அங்கே நேயர்கள் கேட்ட கேள்விகளுக்கு இணையத்தில் விடை தேடி வானொலியில் சொல்லும் திட்டம் நடந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பதுளையை மையமாகக் கொண்டு இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழ் ஊவா சமூக வானொலியும் உருவானது. இந்த நிலையங்கள் எல்லாம் பெரும்பாலும் அரச பணத்திலும் வெளிநாட்டு உதவியிலும் நின்றவை. உள்ளூர்க் கடைத்தெரு அவற்றைத் தன் நிலையம் என்று எண்ணித் தோள் கொடுத்தது குறைவு.

டிஜிட்டல் வந்தால் தீருமா?

டிஜிட்டல் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு மூன்று செய்திகள். நோர்வே 2017இல் தேசிய நிலையங்களை எப்.எம்.இலிருந்து எடுத்து முழுமையாக டிஜிட்டலுக்கு மாற்றிய முதல் நாடு. ஆனால் அங்கேயும் சிறிய உள்ளூர் நிலையங்கள் எப்.எம்.இலேயே தொடர அனுமதிக்கப்பட்டன. சுவிட்ஸர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 டிசம்பர் கடைசியில் எப்.எம்.ஐ நிறுத்தி நேயர்களை இழந்தது. டொரொன்டோவில் நமது நாட்டுத் தமிழர்கள் 1990களிலும் 2000களிலும் எப்.எம். அலையின் துணை அலையில் வானொலி நடத்தினார்கள். அதைக் கேட்க விசேட பெட்டி வேண்டும். அந்தப் பெட்டி தமிழ்க் கடைகளில் விற்கப்பட்டது, வாங்கிய குடும்பங்கள் நாள் முழுதும் கேட்டன, தமிழ்க் கடைகளே விளம்பரமும் கொடுத்தன. அதாவது பெட்டி வாங்கும்படி செய்வது தொழில்நுட்பமல்ல, 'இது நமக்காகப் பேசுகிறது' என்ற எண்ணம்.

கைத்தொலைபேசியில் இப்போது உலகத்து நிலையங்கள் எல்லாம் வருகின்றன. பெரகல சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும் பையன் காதில் லண்டன் ரொக் நிலையமும் கேட்கலாம், சென்னை நிலையமும் கேட்கலாம். அவன் காலுக்குச் சப்பாத்து விற்கப்போவது மட்டும் பண்டாரவளைக் கடைதான். அந்தக் கடையைப் பற்றிச் சொல்ல லண்டன்காரனுக்குத் தெரியாது.

நாம் செய்யக்கூடியவை

ஒன்று: விளம்பர முகவர் வந்தால், எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். எந்தப் பகுதியில், எந்த வயதினர், எந்த நேரத்தில் என்று கேளுங்கள். தோட்டத்து வீட்டில் ரேடியோ பாடுவது கொழுந்து பறிக்கப் போகும் முன் விடியற்காலையிலும் வேலை முடிந்த மாலையிலும். முற்பகல் பதினொரு மணி விளம்பரம் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கும்.

இரண்டு: ஊவா பகுதிக்கு ஒலிபரப்பும் கோபுரத்துக்கு மட்டும் தனி விளம்பரம் போட முடியுமா என்று கேளுங்கள். கோபுரம் தனி, அலைவரிசை தனி. ஆகவே அரை மணி நேரம் அந்த ஒரு கோபுரத்தை மட்டும் பிரித்து உள்ளூர் நிகழ்ச்சி ஒலிக்கச் செய்வது தொழில்நுட்பத்தில் முடியாத காரியமல்ல. பல நாடுகளில் வழமையாகச் செய்கிறார்கள். தனிக் கடைக்காரன் கேட்டால் சிரிப்பார்கள். ஐம்பது கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு வருட ஒப்பந்தத்தோடு கேட்டால் விலை சொல்வார்கள்.

மூன்று: ஹப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடை, பதுளை வர்த்தக சங்கங்கள் சேர்ந்து, தினமும் மாலை ஒரு குறுகிய நேரத்தை அனுசரணை செய்யலாம். மரக்கறி விலை, பாதை நிலைமை, மழை எச்சரிக்கை, ஆஸ்பத்திரி கிளினிக் நாட்கள், அதற்கிடையில் நமது கடைகளின் பெயர். நோன்பு மாதத்தில் முஸ்லிம் சேவையின் சஹர் நேர நிகழ்ச்சிக்கு அனுசரணை வழங்கிப் பழகியவர்கள் நாம். ஒரு மாதம் செய்வதைப் பன்னிரண்டு மாதமும் வேறு வடிவத்தில் செய்யலாம். தோட்டத்து மக்களும் கிராமத்துச் சிங்கள மக்களும் நமது வாடிக்கையாளர்கள் என்பதால் நிகழ்ச்சி இரு மொழியிலும் இருக்க வேண்டும்.

நான்கு: கடையில் பற்றரி ரேடியோவை விற்பனைக்கு வையுங்கள். இலாபம் பெரிதல்ல. மழைக்காலத்தில் அது தேவைப்படும் வீடுகள் நமது மலையில் நிறைய உண்டு.

ஹப்புத்தளை நண்பருக்கு நான் சொன்னதும் இதுவே. அவர் கட்டிய பணம் வீணாகவில்லை, நாட்டின் மற்ற மாவட்டங்களுக்குப் பங்கு போடப்பட்டுவிட்டது. அடுத்த முறை அந்தப் பணத்தை நமது பக்கத்துக்குத் திருப்புவதற்குத் தனியாக நின்று முடியாது. சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுக்கும்படி அவரிடம் கூறியிருக்கிறேன். உங்கள் ஊர்ச் சங்கத்திலும் எடுத்துப் பாருங்கள்.